கேட்பு

மாதத்தில் ஒரு நாள்தான்
ஊத்துக்காட்டுப்புதூரில் காதைச் சோதிக்க முடியும்.
துணைமின் நிலையப் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை.
நாளிதழின் மூலையில் அறிவிப்பைப் பார்த்ததும்
பள்ளிக்கூடத்துச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒன்பதடித்து மூன்று நிமிடம்.
ஆயிரத்து இருநூறு தறியும் ஒன்றாய் நின்றன.
தொட்டில்களில் குழந்தைகள்
திடுக்கிட்டு எழுந்து அழுதன.
ஒரு நாய் தன் குரைப்பைத் தானே கேட்டுப்
பின்வாங்கியது.

மேட்டுக்காட்டில் இன்னும் எண்ணூறு தறி வரப்போகிறது,
ராத்திரி ஷிப்டோடு.
வந்தால் ஆட்களுக்கு என்ன ஆகுமென்று
வருவதற்கு முன்பே எழுதித் தரவேண்டும்.
பையில் ஒரு கையேடு இருக்கிறது.
பனி பெய்யும் ஊரில் யாரோ எழுதியது.
அணைக்கு முன், சுரங்கத்துக்கு முன்,
விமானம் இறங்கும் ஓடுபாதைக்கு முன்
எந்தெந்த நாட்டிலோ கதவு தட்டிக் கேட்டிருக்கிறார்கள்:
தூக்கம் எப்படி, மூச்சு எப்படி,
பிள்ளைகள் எங்கே விளையாடும்.
சத்தம் பற்றிய அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது:
‘அமைதியான ஓர் அறையைத் தேர்ந்தெடுக்கவும்.’

ஏழாவதாக வந்தவர் துளசிமணி.
தார் சுற்றுகிறவர். வயது முப்பத்தெட்டு.
சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்றேன்.
நான் சத்தம் அனுப்பினேன்; விரல் அசையவில்லை.
அனுப்பாமல் சும்மா இருந்தேன்; தூக்கினார்.
மறுபடியும் தூக்கினார்.

‘இப்ப நான் ஒண்ணும் வெக்கலைங்களே?’
‘தறி ஓடுதுங்களே.’
‘கரண்டு இல்லீங்க.’
‘ஊருக்குத்தானுங்க இல்ல.’

ஆம், இல்லை, தெரியாது
என மூன்று கட்டங்கள்தான் படிவத்தில்.
விதிப்படி ‘தவறான பதில்’ என்று புள்ளி வைத்தேன்.

நாலு மணிக்குள் அறுபத்து நான்கு பேர்.
நாற்பத்தொரு பேருக்குக் கோடு
வரப்பில் நடந்துவந்து
கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கியது.
இவர்களிடம் ‘பசி’ என்று சொன்னால்
‘ச’ வழியிலேயே உதிர்ந்துவிடும்.
மிச்சத்தை உதட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.
குடோனின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
வாயசைப்பிலேயே கல்யாணம் பேசி முடித்தவர்கள்.

அடுத்த மாதம், மண்டபத்தில்,
கருத்துக் கேட்புக் கூட்டம்.
ஜெனரேட்டர் வாசலில் உறுமியது.
என் எழுபது பக்கத்தை அதிகாரி
ஒரே வரியில் வாசித்தார்:
‘செவித்திறனில் மிதமான பாதிப்பு.’
ஆட்சேபம் உண்டா என்றார்.
யாரும் பேசவில்லை.
கம்பெனிக்காரர் மைக்கைக் கையால் பொத்தி
அவர் காதோரம் குனிந்து ஏதோ சொல்ல
இருவரும் சிரித்தார்கள்.
முதல் வரிசையில் இருந்த எனக்கே எட்டவில்லை.

கடைசி வரிசையில் துளசிமணி எழுந்தார்.
தறிகளுக்கு மேலே பேசிப் பழகிய குரல்,
கூரைத் தகரம் வரை போகும்.

‘“இதுகளுக்குத்தான் ஏற்கெனவே காது கேக்காதே,
இன்னும் சத்தம் வந்தா என்ன”ன்னீங்கள்ல,
அதையும் எழுதிக்கச் சொல்லுங்க.’

அவரைச் சுற்றியிருந்த பெண்கள்
ஆமாங்க, ஆமாங்க என்றார்கள்.
பதினேழு பேரும் அதே சொற்களை,
அதே வரிசையில்.

குறிப்பெழுதுபவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
என்னைப் பார்த்தார்,
எந்தத் தலைப்பின் கீழ் என்பதுபோல.
நான் கையேட்டைப் புரட்டுவதுபோல் புரட்டினேன்.

அன்றைக்கு ராத்திரி
‘தவறான பதில்’ புள்ளிகளை மறுபடி எண்ணினேன்.
இருபத்தொன்பது பேருக்கு இருந்தது.
நின்றபின்னும் நிற்காதது என்று
நானாக ஒரு கட்டம் வரைந்து
அவற்றை அதற்குள் மாற்றினேன்.
மேலிடம் அதை அடிக்கலாம்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
அடுத்த பராமரிப்பு புதன்கிழமை.
பள்ளிக்கூடத்துச் சாவியை
நான் திருப்பித் தரவில்லை.