ஈரப்பதம்

கோட்டூர் கொள்முதல் நிலையத்தில் நாலாவது இரவு.
தார்ப்பாய்க்குள் வேர்க்கிறது எங்கள் குறுவை.
முந்தாநாள் பத்தொன்பது. நேற்று பதினெட்டரை.
பதினேழுக்கு இறங்கினால்தான் தராசு.

நிஜாமுதீன் கூத்தாநல்லூரிலிருந்து பைக்கில் வந்துவிட்டான்.
நெல்லுக்காக இல்லை.
'கடைமடை'யின் ஒன்பதாவது ஆல்பம் வந்திருக்கிறது,
சண்டை போட ஆள் வேண்டும்.

மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்தோம்.
முதல் பாட்டு பதினோரு நிமிடம்.
டிரம்ஸ் கிடையாது.
கிதார் ஒரே தந்தியில்,
மதகுப் பலகை இடுக்கில் கசிகிற மாதிரி.
நாலாவது நிமிடத்தில்தான் திலகர்ராசன் வாயைத் திறக்கிறார்,
அதுவும் பாட இல்லை:
ஏதோ ஒரு வருடத்து டீசல் கணக்கை வாசிக்கிறார்.

"முடிஞ்சு போச்சு" என்றான் நிஜாமுதீன்.
"தண்ணி வரலன்னு கத்தினவனுங்க.
இப்ப பட்டணத்துல குழாயத் திறந்தா வருது,
அப்புறம் எங்கேருந்து வரும் பாட்டு?"

சுமை தூக்கும் சூசைராஜ் பீடியை அணைத்தார்.
"அறுபது வயசுல அதே கத்து கத்தினா
அதுக்குப் பேரு மிமிக்ரி."

"அப்ப மேடைய விட்டு எறங்கணும்."

"எறங்கிட்டுத்தான் பாடுறாரு. உனக்குக் கேக்கல."

நான் எதிலும் சேரவில்லை.
நான் இரண்டாவது கேசட்காரன்.
'முறைப்பாசனம்', பி பக்கம், மூன்றாவது பாட்டு:
ஓர் இடத்தில் ஓர் அடி விழாது.
நெஞ்சு படி தவறி நிற்கும்.
தண்ணீர் வந்து சேராத வயல்தான் அந்த அடி என்று
இருபத்தாறு வருடமாகச் சொல்லி வருகிறேன்,
பெண் பார்க்கப் போன வீட்டில்கூட.

பன்னிரண்டு மணிக்கு
அறுவடை மெஷின் ஒன்று ரோட்டோரம் முனகி நின்றது.
பெல்ட் அறுந்திருக்கிறது.
இறங்கி வந்தவர் பரஞ்சோதி.
'கடைமடை'யின் டிரம்மர், ஐந்தாவது ஆல்பம் வரை.
இப்போது நீடாமங்கலத்தில் இரண்டு மெஷின்,
மணிக்கு இவ்வளவு என்று வாடகை.

நிஜாமுதீன் டார்ச் பிடித்தான்.
நான் ஸ்பேனரை நீட்டியபடி கேட்டேன், அந்த அடியை.

"எது?
ஓ, அதுவா. கொசு.
காதுக்குள்ள பூந்துட்டுது, தாளம் விட்டுப் போச்சு.
மறுபடி பதிவு பண்ணக் காசில்ல."

தவளைகள் மட்டும் கொஞ்ச நேரம்.

"கொசுவும் டெல்டாதானே" என்றார் சூசைராஜ்,
என் முகத்தைப் பார்த்துவிட்டு.

புதுப் பாட்டைப் போட்டுக் காட்டினோம்.
கிரீஸ் கையைச் சாக்கில் துடைத்தபடி
பதினோரு நிமிடமும் நின்று கேட்டார்.
நிஜாமுதீன் பொறுக்காமல், "நீங்க இல்லாம வெறிச்சுன்னு கெடக்குல்ல?"
"நான் இருந்திருந்தா கெடுத்திருப்பேன்" என்றார்.
அது பாராட்டா, பழைய கோபமா,
கேட்பதற்குள் மெஷின் கிளம்பிவிட்டது.
பின்பக்க விளக்கு ஒன்றுதான் எரிந்தது.

விடிந்ததும் காவலர் அம்மாசி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.
"ராத்திரி ஏதோ ஓடுச்சே தம்பி,
ஒரு மாசம் கழிச்சு நல்லாத் தூங்கினேன்."

"பாத்தீங்களா!" என்றான் நிஜாமுதீன்.
"பாத்தியா!" என்றார் சூசைராஜ்.
இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு
டீக்கடைக்குப் போனார்கள்.

பட்டியல் எழுத்தர் தையல்நாயகி
மீட்டரில் ஒரு பிடி போட்டுத் திருகினார்.
பதினேழு புள்ளி நாலு.
"இன்னொரு வெயில் காட்டுங்க."

வானத்தில் வெயிலுக்கான அறிகுறி இல்லை.
குவியலைக் கலைத்து, காலால் வரி இழுத்துக்கொண்டே
காதில் பழைய கேசட்டைப் போட்டேன்.
பி பக்கம். மூன்றாவது.
அந்த இடம் நெருங்க நெருங்க
என்னையறியாமல் கை காதோரம் போய்
விரட்டத் தயாராக நின்றது.