காடு இன்னும் மேலே

வாரம் முழுக்க வாசல் வாசலாக
"அட்டையை எடுத்துட்டு வாங்க" என்று கத்திய தொண்டை.
பேர்தான் ஆவணி,
அம்மாப்பேட்டைக்குச் சித்திரை இன்னும் முடியவில்லை.
ஞாயிறு விடியுமுன்
பூங்கோதை ஸ்கூட்டியில் வந்து நின்றாள்.
படகு வேண்டாம், ரோஜாத் தோட்டம் வேண்டாம்,
எல்லோரும் படமெடுக்கும் பாறை முனையும் வேண்டாம்.
"வெயில் தரையில விழாத இடமா
ஒண்ணு காட்டு, போதும்."

அடிவாரத்தில் செக்போஸ்ட்காரரிடம் கேட்டேன்.
"இதெல்லாமே காடுதாம்மா"
என்று போர்டைக் காட்டினார்.
அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.
போர்டுக்குப் பின்னால் உண்ணிச்செடி,
காய்ந்த மூங்கில், ஒரு குர்குரே பாக்கெட்.
"அடர்த்தியா வேணும்னா இன்னும் மேலே."

எட்டாம் வளைவில் காது அடைத்தது.
பதினொன்றில் திறந்தது.
பதிமூன்றில் ஒரு குரங்கு
பூங்கோதையின் பன்னை வாங்கிக்கொண்டு போனது,
ரசீது தராமல்.

ஒண்டிக்கடையில் பஜ்ஜி போட்டவர்
கரண்டியாலேயே திசை காட்டினார்:
நாகலூர்ப் பக்கம்.
நாகலூர்ப் பக்கம் போனால்
நிழல் இருந்தது, குளிர் இருந்தது,
வரிசையும் இருந்தது.
சில்வர் ஓக் மரங்கள்,
ஏறிய மிளகுக்கொடி,
ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயின்டில் எண்.
இணைப்பு எண் கொடுத்தபிறகு
எது காடு, எனக்குத் தெரியாதா?
"தோட்டங்க இது" என்றார் காவல்காரர்,
மன்னிப்புக் கேட்பதுபோல.
"காடு, அந்த ஊருக்கு மேலே."

அந்த ஊரில் ரேஷன் கடை ஒன்று,
பூட்டிய பள்ளிக்கூடம் ஒன்று,
சுவரில் மூன்று மீட்டர்.
பழக்க தோஷம், படித்துப் பார்த்தேன்.
நடு மீட்டர் ஓடவே இல்லை.
கொய்யாக்கூடையோடு உட்கார்ந்திருந்த வெள்ளச்சி
எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
எழுந்து முன்னால் நடந்தாள்.
"செருப்பைக் கழட்டுங்க.
சாமிக்கு விட்ட இடம்.
உள்ளேயிருந்து ஒண்ணும் எடுக்கக்கூடாது,
விழுந்த சுள்ளிகூட."

வேலி இல்லை. டிக்கெட் இல்லை.
பத்தடி வைத்ததும்
ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கியதுபோல ஊர் நின்றுபோனது.
பாசி ஏறி எது வேர் எது கல் என்று
காலுக்குத்தான் தெரிந்தது.
ஈரச்சாக்கு வாசனை, நடுவில் எங்கோ ஏலம்.
யாரோ பையன் சீட்டியடிக்கிறான் என்று திரும்பினேன்.
பையன் இல்லை. கிளை மட்டும் ஆடியது.
நட்ட கல், துருப்பிடித்த வேல்,
அதன்மேல் காசு அகலத்துக்கு வெயில்.
ஒரே ஒரு காசு.

இந்தப் பக்கம் நின்றால்
அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.
அளந்து நடந்தேன்: நூற்றிருபது தப்படி.
எங்கள் தெருவில் பதினாறு வீடு.
அவ்வளவுதான் காடு.

ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததை
பூங்கோதை இங்கே சொல்லிவிடுவாள் என்று
காத்திருந்தேன்.
வேரில் உட்கார்ந்தாள்.
நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.
"குளிருது" என்றாள்.

கொய்யா இரண்டு கிலோ வாங்கி இறங்கினோம்.
ஐந்தாம் வளைவில் சேலம் வந்து
முகத்தில் மூச்சு விட்டது.
கோரிமேட்டு சிக்னலில் என் தோளில் தட்டி
ஏதோ சொல்ல வந்தாள்,
பச்சை விழுந்துவிட்டது.

வீட்டில் கால் கழுவும்போதுதான் பார்த்தேன்.
கணுக்காலுக்கு மேலே,
கறுப்புத் திராட்சை பருமனில்,
வயிறு நிறைந்து, கூச்சமே இல்லாமல்
ஓர் அட்டை.
இருபது வளைவும் என்னோடு இறங்கியிருக்கிறது.

கூப்பிட்டால், "உப்புப் போடு" என்றாள் பூங்கோதை.
நான் போடவில்லை.
சுள்ளிகூட எடுக்கக்கூடாது என்றவளுக்கு
நாளை என்ன பதில் சொல்வேன்?
வேண்டிய யூனிட்டைக் குறித்துக்கொண்டு
அது தானாகவே கழன்று விழுந்தது.
ரத்தம் மட்டும் நிற்காமல்
மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"ஏற்காட்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"
"எதுக்குடி?"

சிமென்ட் தரையில் அது
நீண்டு, குறுகி, நீண்டு,
சாண் சாணாக வீட்டை அளந்தபடி
குழாயடி ஈரத்தை நோக்கிப்
போய்க்கொண்டிருந்தது.