மூடுபனி அல்ல

திங்கட்கிழமை, ஏழு பத்து.
பீல் நகரம், ஏரிப்பக்கம், நவம்பர்.
கொள்கலன் அறைக்குள் பதினாலு தலைக்கவசம்,
ஈரக் கையுறைகளின் மணம்,
கோப்பி இயந்திரத்தின் இருமல்.
சுவரில் இந்தக் கிழமைக்கான தாள்:
ஏணியில் வழுக்காமல் இறங்குவது எப்படி.
நாலு மொழியில் இருந்தது, தமிழில் இல்லை.
தமிழுக்கு இங்கே நான் ஒருத்திதான்,
எனக்கோ அது பாடம்.

படங்களைக் காட்டினேன்.
எப்போதும் மூன்று பிடிமானம்:
இரண்டு கால், ஒரு கை.
வல்டெமார் கொட்டாவி விட்டான்,
அது வரிசையாய்ப் போய்க் கதவருகே முடிந்தது.
கடைசியில் தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்:
"எல்லாரும் எப்படி இருக்கிறீங்கள்?"

துது பெங், என்றான் ஒருவன்.
அல்லெஸ் கூட், என்றான் இன்னொருவன்.
பிறகு எல்லாரும் சப்பாத்து நாடாவைப் பார்த்தார்கள்.
சீமெந்துத் தூசு நெஞ்சில் ஏறினால் சொல்வார்கள்.
முதுகு பிடித்தால் மூன்றாம் நாள் சொல்வார்கள்.

அப்போதுதான்
மேசைமேல் கிடந்த வாக்கிடோக்கி கரகரத்தது.
முப்பத்தெட்டு மீட்டர் உயரத்தில்,
பனிக்கு மேலே, நேரத்தோடு ஏறி உட்கார்ந்தவன்
இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.
"மாதங்கி," என்றான் பாஷ்கிம்,
"நாலு இரவாய் நித்திரை இல்லை.
கொக்கி எனக்கு இரண்டாய்த் தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை.
அதைச் சொல்ல அவனுக்கு
முப்பத்தெட்டு மீட்டர் தேவைப்பட்டிருக்கிறது.

கொங்கிறீற் லொறி எட்டு மணிக்கு.
ஒன்பது கன மீட்டர்;
கலந்ததிலிருந்து தொண்ணூறு நிமிடம்தான் அதற்கு ஆயுள்.
மேஸ்திரி ஹன்ஸ்ரூடி என்னைப் பார்த்தான்,
மணிக்கூட்டைப் பார்த்தான்,
வெளியே போய்
தொலைபேசியில் யாரிடமோ நெடுநேரம் திட்டு வாங்கினான்.
லொறி வரவில்லை.

பாதுகாப்புப் பட்டியை இறுக்கிக்கொண்டு ஏறினேன்.
இறங்கும்போது
ஒரு ஏணியில் ஒருவர்தான், அது விதி.
ஆகவே ஒரு தட்டு நான் இறங்கி நின்று
மேலே பார்த்து "வா" என்பேன்.
அவன் படிகளை எண்ணி எண்ணி வந்தான்.
அல்பேனிய மொழியில் ஒன்றுக்கு "ஞெ".
ஞாயிற்றுக்கும் ஞாபகத்துக்கும் என்று
நான் அரிதாய் எடுக்கும் எழுத்தில்
ஒவ்வொரு தட்டிலும் மறுபடி தொடங்கினான்:
ஞெ, டூ, த்ரெ.

நாலாம் தட்டில் பனிக்குள் இறங்கினோம்.
அவன் சப்பாத்து மட்டும் தெரிந்தது.
பிறகு அதுவும் நின்றுவிட்டது.
நான் எதுவும் கேட்கவில்லை.
இரும்பில் தலை சாய்த்து அவன் சொன்னது இவ்வளவுதான்:
"வீட்டில் இப்ப கழுவ ஒரு கோப்பைதான் இருக்கு."
ஞெ, டூ.

தரை தொட்டதும் நிமிர்ந்து பார்த்தான்.
"பிறேக்கை விடுவிச்சிட்டு வந்தனான்," என்றான்,
நான் கேட்பதற்கு முன்பே.
வேலை நிறுத்திய கிரேனைப் பூட்டி வைக்கக் கூடாது.
காற்று வரும் பக்கம் அது தானாய்த் திரும்பவேண்டும்.
எதிர்த்து நின்றால் சரிந்துவிடும்.
நாலு இரவு தூங்காதவன் இதை மறக்கவில்லை.

பதிவேட்டில்
வேலை நின்ற காரணத்துக்கு நாலு கட்டம்:
காற்று. மின்னல். மூடுபனி. பழுது.
"மூடுபனி என்று போடு," என்றான் ஹன்ஸ்ரூடி,
நல்ல மனதோடுதான். "ஒருத்தருக்கும் வில்லங்கம் இல்லை."
மணி பத்து.
வெளியே யூரா மலையில்
ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே எண்ணலாம் போல வெயில்.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
மூடுபனி என்று போட்டால்
அடுத்தவன் வாய் திறக்க
இன்னொரு பனிக்காலம் வரவேண்டும்.
உள்ளதைப் போட்டாலோ
அது அவனுடைய வீடு, அவனுடைய கோப்பை.
அதை எழுத நான் யார்?

நாற்காலியிலேயே பாஷ்கிம் நித்திரையாகியிருந்தான்,
கவசத்தைக் கழற்றாமல்.
கையில் சரிந்திருந்த கோப்பியை மெல்ல எடுத்து
மேசையில் வைத்தேன்.
எழும்பட்டும், கேட்டு எழுதுவேன்.
நாலு கட்டத்துக்கும் கீழே
அடிமட்டம் வைத்து
ஐந்தாவதாய் ஒரு கட்டம் மட்டும் கீறினேன்.

ஏரிக்காற்று தொடங்கியிருந்தது.
கிரேனின் நீண்ட கை, பிடிக்க யாருமில்லாமல்,
நிடாவ் பக்கமாய் மெதுமெதுவாய்த் திரும்பியது.