சத்துவாச்சாரி மொட்டைமாடியில் இரண்டு படகுகள்

சாக்பீஸால் அசல் அளவிலேயே
வரைந்துவிட்டார் பெஞ்சமின்.
தண்ணீர்த்தொட்டிப் பக்கம் கொச்சிக்காரி:
முப்பத்தோரடி, கனத்த அடிக்கட்டை,
மெதுவாகத்தான் போவாளாம்,
புயலிலும் டீ சிந்தாதாம்.
துணிக்கொடிப் பக்கம் புதுச்சேரிக்காரி:
பந்தயத்தில் இரண்டு கோப்பை,
போன வருடம் மாற்றிய பாய்,
நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

"படுத்துப் பார்."
படுத்தேன்.
பகலெல்லாம் வெயில் குடித்த தளம்
ராத்திரி ஒன்பதுக்கும் முதுகைச் சுட்டது.
கொச்சிக்காரியில் கால் நீட்ட முடிந்தது.
மற்றவளில் என் முழங்கால்
என்ஜினுக்குள் போனது.

குக்கர் எங்கே என்றேன்.
ஒரு சதுரத்தைக் காட்டினார்.
சண்டை வந்தால் நான் எங்கே போய் உட்காருவது என்றேன்.
டேப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

கடல் இங்கிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர்.
பைபாஸில் லாரிகள்.
பாலாற்றில் தண்ணீரா, அதைக் கேட்காதீர்கள்.

பதினோரு மணி வாக்கில்
மலைப்பக்கமிருந்து கொஞ்சம் காற்று.
கொடியில் மறந்துபோன பெட்ஷீட்
புதுச்சேரிக்காரியின் மேல் உப்பியது.
"பிடி, பிடி, தளர்த்தாதே!"
யோசிக்காமல் ஒரு முனையைப் பிடித்திருந்தேன்.

காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது பார்த்தேன்,
கழற்றிப் போட்ட நைட்டியின் முதுகில்
வளைந்த ஒரு வெள்ளைக்கோடு.
எவளுடையது என்று
அவரிடம் கேட்கவில்லை.