சாய்ந்த தகடு

எர்ஸுரூமில் அதிகாலை நாலு மணி.
பனிவண்டியின் சாவியைத் திருகுமுன்
ஸ்டியரிங்கில் கைவைத்து
நெவ்ஸாத் சொல்லும் நிய்யத் ஒரே வரிதான்:
இன்று யாருக்காவது உதவட்டும் இந்தக் கை.

உதவத்தான் செய்கிறது.
ஆனால் தெருவில் வழித்த பனி
எங்கேயாவது விழத்தானே வேண்டும்?
வலப்பக்க வாசல்களில்
இடுப்புயரம் ஏறி நிற்கும்.
ஆம்புலன்ஸுக்கு வழி திறந்தவனை
அந்த வாசல்கள் திட்டும்,
அவன் அம்மாவையும் சேர்த்து.

பதினேழாம் எண் வீட்டில் ஒரு டயாலிசிஸ்காரர்.
அங்கே மட்டும் வேகம் குறைத்து
சாய்ந்த தகட்டை நேராக்குவான்.
பனி பக்கத்தில் சிந்தாமல்
முன்னாலேயே போகும், பாலத்தடி வரை.
டீசல் கணக்கு ஏன் கூடுகிறது என்று
மேலாளர் கேட்டாராம்.
எஞ்சின் பழசு என்றானாம்.

எட்டரைக்கு வீடு.
பல்லிடுக்கில் சர்க்கரைக்கட்டி, மேலே தேநீர்.
பள்ளிக்குப் பனி விடுமுறை;
பெர்ரின் பின்னக் கணக்கோடு வந்தாள்.
அப்புறம் என்றான்.
மறுபடி வந்தாள்.
அவன் போட்ட சத்தத்தில்
நோட்டு தானாக மூடிக்கொண்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
"பதினேழாம் நம்பர்கிட்ட எப்படிப் போவே?"
என்று மட்டும் கேட்டேன்.

வெகுநேரம் குவளையைப் பார்த்திருந்தான்.
பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்து
முக்காலையும் அரையையும்
தப்பாகக் கூட்டிக் காட்டினான்.
அவள் திருத்திக்கொண்டிருக்கையில்
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கு எனக்கு நேரமாகிவிட்டது.
கதவைத் திறந்தால்
எங்கள் வாசலிலும் இடுப்புயரப் பனி,
யாரோ இன்னொரு டிரைவரின் உதவி.
அம்மாவை இழுக்கப் போன வாயில்
அந்த ஒரு வரி வந்து நின்றது.
பாதி சொல்லி
மண்வாரியை எடுத்தேன்.