நாற்பது வெள்ளிக்கு ஒரு கை

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
லாவின் பழைய இரும்புக் கடையில்
மின்விசிறி மோட்டார்களுக்கும்
கால் ஒடிந்த தையல் எந்திரத்துக்கும் நடுவே
பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.
அக்கார்டியன் என்றால் எனக்குத் தெரிந்தது
வெள்ளையும் கறுப்புமாய்ப் பல்வரிசை.
இதற்குப் பித்தான்கள் மட்டும்,
சட்டை முழுக்க யாரோ
பித்தானாகவே தைத்துத் தள்ளியதுபோல்.
"எடுத்துக்கோ மா, நாற்பது வெள்ளி."
லாவ் நிறுத்துப் பார்க்கக்கூட இல்லை.
நிறுப்பது என் வேலை.

ஆலை வாசல் எடைமேடையில்
செம்பனைக் குலையோடு ஒருமுறை,
வெறும் வண்டியாய் ஒருமுறை,
கழித்து எழுதுகிறவள் நான்.
ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆர்மோனியம்.
சட்ஜத்துக்குப் பக்கத்தில் ரிஷபம் இருக்கும் என்று
இருபத்தோரு வருடமாய் நம்பியவள்.

இதில் இல்லை.
சாய்ந்த கோட்டில் இரண்டு தள்ளி
கடன் வாங்கியவன்போல் ஒளிந்திருந்தது ரிஷபம்.
நேராகப் போனால் சுரம் மூன்று படி தாவுகிறது;
குறுக்கே நடந்தால்தான் ஊர் சேரலாம்.
முதல் வாரம் முழுக்க
இரவுச் சந்தையில் தொலைந்த பிள்ளைகளாய் என் விரல்கள்.
இரண்டாம் வாரம் ஒன்று புரிந்தது:
பாட்டின் உருவம் ஒருமுறை பிடிபட்டால்
அதை அப்படியே தூக்கி
மேலே வை, கீழே வை,
எந்தச் சுருதியிலும் அதே கோலம்.
ஆர்மோனியத்தில் சுருதி மாற்றச் சொன்னால்
பாடகர் குழுவை முறைப்பேன்.
இதில் முறைக்க ஒன்றுமில்லை.

வலது கை இப்படி வழிக்கு வந்தது.
இடது கைதான் வழக்கு.

அந்தப் பக்கம் நூற்றிருபது பித்தான்,
வாசிப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
சட்ஜத்தின் தலையில் மட்டும் ஒரு குழி இருக்கும்,
இருட்டில் தடவி வீடு கண்டுபிடிக்க.
தடவினேன். அழுத்தினேன்.
ஊமை.
சட்ஜம் பக்கத்து வரிசைக்குக் குடிபெயர்ந்திருந்தது,
சுற்றத்தார் அத்தனை பேரும் அதன் பின்னால்.

சிரம்பானில் வாத்தியம் பழுதுபார்க்கும்
சாந்தப்பனுக்குப் போன் போட்டேன்.
"சில நாட்டில வரிசைய மாத்தித்தான் செய்வான்.
கம்பெனி வேலை. நீங்கதான் பழகிக்கணும்."

ஒன்பது திருகாணி கழற்றி முதுகைத் திறந்தேன்.
கம்பெனி வேலை நேராகத்தான் இருந்தது.
அதன்மேல் வேறொருவர் வேலை:
குறட்டால் வளைத்த கம்பிகள், ஈயப் பற்று,
ஓரிடத்தில் சைக்கிள் ஆரம்,
இன்னோரிடத்தில்
கித்தா மரத்தில் கோப்பை மாட்டும் கம்பி,
துரு பிடிக்காமல் எண்ணெய் போட்டு.

மூடிவிட்டுப் பித்தான்களை விளக்கடியில் பார்த்தேன்.
சுட்டுவிரல் படும் இடம் தேய்ந்து பளிங்கு.
நடுவிரல் இடமும்.
சுண்டுவிரலுக்குக்கூடக் கொஞ்சம் மஞ்சள்.
மோதிர விரலின் பாதையில் மட்டும்
நேற்றுப் பெட்டி பிரித்ததுபோல் புதுசு.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
பிறகு எழுந்து போய் மீன் கழுவினேன்.
எந்த எந்திரம், எந்தக் கத்தி, இல்லை பிறப்பிலேயேவா,
கேட்க ஆளில்லை.
ரவூப்பிலிருந்து வந்த சரக்கு என்பதற்குமேல்
லாவுக்குத் தெரியாது.
ஆணா பெண்ணா என்றுகூட.

இரவு, மோதிர விரலை உள்ளங்கைக்குள் மடக்கி
தோல் வாருக்குள் கையை நுழைத்தேன்.
அதுவரை இறுக்கிய வார்
இறுக்கவில்லை.
நடுவிரல் எங்கே போய் விழுந்ததோ
அங்கே சட்ஜம்.
தேடாமல் பஞ்சமம். தேடாமல் மத்திமம்.
துருத்தி இழுத்த மூச்சில்
அடுத்த வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது.
களைத்தும் போயிருக்கலாம்.

திங்கட்கிழமை எடைமேடையில்
லாரி எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
நேப்பாளி ஓட்டுநர் சன்னலில் குனிந்து
"தாங்கான் சாக்கிட்?" என்றான்.
என் இடது கையைப் பார்த்தேன்.
மடங்கியே இருந்தது.

"இல்லை" என்று தலையாட்டிவிட்டு
மற்ற மூன்று விரலால் தட்டி முடித்தேன்.
குலையோடு
பதினெட்டு டன் நானூற்று இருபது.
வெறும் வண்டி இன்னும் திரும்பவில்லை.