தண்ணீருக்குக் கணக்கு இல்லை

மாளிகைக்கு வெள்ளை பூசவில்லை ஓவியன்.
நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது
தொடாமல் விட்ட காகிதம்.
சுற்றிலும் பச்சையை இழைத்து இழைத்து
நடுவில் அவன் தொடாது விட்டது
டன்ஸ்டன் துரையின் வீடு:
பதினான்கு சன்னல், இரண்டு படிக்கட்டு,
ஒரு கறை இல்லை.

ஜமைக்கா. ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று.
கரும்பு வெறும் மஞ்சள் கீற்று.
பாகு காய்ச்சும் கொட்டகையின் புகை
மூடுபனி என்றால் நம்பிவிடலாம்.
மனிதர்கள் மூன்று பேர், அரிசிமணி உயரம்.
சிவப்பாய் ஒரு புள்ளி, நீலமாய் ஒன்று,
மூன்றாவது
தூரிகை உதறியதோ என்னவோ.

போன செவ்வாய்க்கிழமை
கிங்ஸ்டனில் என் மேசைக்கு வந்தது இது.
கூடவே ஓவியன் வின்கப் எழுதிய ரசீது:
காட்சி ஆறு, முப்பது கினி.
மலையை உயர்த்தியதற்குத் தனியாக ஒரு கினி.
காகிதம், சாயம், கழுதை வாடகை.
தண்ணீருக்குக் கணக்கு இல்லை.

முன்புறப் புல்வெளியை
ராமபாணப் பூச்சி மேய்ந்திருக்கிறது.
சாயக்கட்டி வெடிக்காதிருக்க
அந்நாளில் கற்கண்டு சேர்ப்பார்கள்.
இனிப்பைத் தேடிப் போயிருக்கிறது பூச்சி.
அந்தச் சர்க்கரை எவர் வெட்டிய கரும்பு என்று
அதற்குத் தெரிய நியாயமில்லை.

பச்சை போன இடத்தில்
அழுத்தி இழுத்த பென்சில் கோடு.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.

ஒரு பெண்.
அரிசிமணி இல்லை, என் உள்ளங்கை உயரம்.
தலையில் வாளி. ஒரு கை இடுப்பில்.
நேராக ஓவியனைப் பார்க்கிறாள்,
இன்னும் எவ்வளவு நேரம் என்பதுபோல்.
ஓரத்தில் பொடி எழுத்து:
குவாஷிபா, தண்ணீர்.

துரை சொல்லியிருப்பார். அல்லது துரைசானி.
அல்லது யாரும் சொல்லாமலே
ஓவியனுக்குத் தெரிந்திருக்கும்
எந்த முகம் காசாகும் என்று.
மேலே ஒரு மாட்டை வரைந்திருக்கிறான்.
நல்ல மாடு. கொழுத்தது.
பின்னங்கால் மட்டும் மிச்சம்.

அவள் கொண்டுவந்து வைத்த நீரில்தான்
அந்த மாட்டைக் கரைத்திருப்பான்.
வேறு நீர் அங்கே ஏது?

வேலைத்தாளில் தெளிவாக இருக்கிறது:
புல்வெளியை நிரப்பவும்.
கண்காட்சி இருபதாம் தேதி.
படத்தின் உரிமையாளர் பிரிஸ்டலில் இருக்கிறார்,
தன்மையான மனிதர்,
கடிதத்தின் கடைசி வரியில்
மாட்டைப் பற்றி விசாரித்திருந்தார்.

கிண்ணத்தில் நீர் வைத்தேன்.
பச்சையைக் கரைத்தேன். சரியான பச்சை.
நான்கு மணிவரை
கரைத்துக்கொண்டே இருந்தேன்.